செவலைக்கு உடம்பு சரியில்லை

அப்பாவைப் பெற்ற எங்கள் அப்பாயியின் முப்பதாம் நாள் பூசையில் பங்குச் சாமியார் அவளைப் பொறுமையின் வடிவம் என்றார். வாழ்நாளில் குரலை உயர்த்தாதவர், கணவர் சொல்லைத் தட்டாதவர், நாற்று நட்டே நாலு பிள்ளைகளைக் கரையேற்றியவர், வாயில் பொய் வராதவர் என்று அடுக்கிக்கொண்டே போனார். முன் வரிசையில் அழுதுகொண்டிருந்த என் சின்ன அத்தை, பொய் வராதவர் என்ற இடத்தில் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் குனிந்து, விழாத கைக்குட்டையைத் தரையில் தேடினேன்.

அப்பாயி ஒரு பொய் சொல்லியிருக்கிறாள். பெரிய பொய். அதற்கு நாலு காலும் ஒரு வாலும் இருந்தன. அதை வண்டியில் ஏற்றி, நீடாமங்கலம், மன்னார்குடி வழியாக ஒரத்தநாடு வரைக்கும் கொண்டுபோனாள். கூடவே நானும் போனேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வலங்கைமானுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டில் தாத்தா, அப்பாயி, அப்பா, அம்மா, நான்; கொட்டகையில் செவலை என்ற பசு. தாத்தாவும் அப்பாயியும் இளவயதில் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். பிறகு கொஞ்சம் குத்தகை, கொஞ்சம் சொந்தம் என்று நிலம் சேர்ந்தது. கடைசிப் பிள்ளையான சின்ன அத்தையை வரப்பில் சாக்கு விரித்துப் படுக்க வைத்துவிட்டுத்தான் அப்பாயி நடவு நடுவாளாம். குழந்தை தூங்குகிறதா, எறும்பு ஏறுகிறதா என்று நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்ததில் அவள் நட்ட வரிசை மட்டும் கோணலாகப் போகும் என்று தாத்தா சொல்வார். அந்தக் குழந்தைதான் வளர்ந்து, மாட்டு டாக்டருக்குப் படிக்க ஒரத்தநாட்டுக் கல்லூரிக்குப் போனாள். இடம் கிடைத்த அன்று தாத்தா தெருவில் போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்தி மிட்டாய் கொடுத்தார். ஒரு தபால்காரர் இரண்டு முறை வாங்கிக்கொண்டு போனார்.

அத்தை இரண்டாம் வருஷம் முடித்துக் கோடை விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தாத்தா அவர்களிடம் ஏற்கெனவே பாதி வாக்குக் கொடுத்திருந்தார். வந்தவர்களில் ஒரு பெரியவர், கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணுக்குப் படிப்பு எதுக்கு என்று ஆரம்பித்தார். தாத்தா பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், காபித் தட்டோடு நின்ற அத்தை முந்திக்கொண்டாள்.

"படிப்பை முடிக்காம எனக்குக் கல்யாணம் வேணாங்க. காபி ஆறிடும், சாப்பிடுங்க."

மரியாதையாகத்தான் சொன்னாள். அவர்களும் காபியைச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார்கள். ஆனால் தாத்தா அன்று மாலை வரை வாயைத் திறக்கவில்லை. திறந்தபோது, "என் வார்த்தைய மதிக்காதவளுக்கு இந்த வீட்டுல என்ன வேல? அங்கயே இருந்துக்கட்டும். யாரும் போய்ப் பாக்கக் கூடாது. அவ பேச்சையே இந்த வீட்டுல எடுக்கக் கூடாது" என்றார். அத்தை பெட்டியை எடுத்துக்கொண்டு மறுநாளே விடுதிக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் வீட்டில் அத்தையின் பெயர் இல்லாமல் போனது. எங்கள் ஊர்த் தேர்த் திருவிழாவுக்கு மற்ற அத்தை, பெரியப்பா எல்லாரும் பிள்ளைகுட்டிகளோடு வந்தார்கள். சின்ன அத்தை வரவில்லை. மாலையில் செபமாலை முடிந்ததும் அப்பாயி, "வெளியூர்ல இருக்குற பிள்ளைகளுக்காக" என்று ஒரு மன்றாட்டுச் சொல்வாள். வெளியூரில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், ஆகவே யாரும் ஆட்சேபிக்க முடியாது. அந்த இடத்தில் மட்டும் தாத்தாவுக்கு இருமல் வரும்.

அப்பா மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நின்று அத்தைக்குப் போன் போடுவார். அப்பாயி களை வெட்டுகிறவள்போல அங்கே போவாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு "ம், ம்" என்பாள். ஒருநாள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அப்பாவிடம் சண்டை பிடித்தாள்.

"காய்ச்சல் வந்துச்சாம்டா. சரியாயிடுச்சு சரியாயிடுச்சுங்குறா. கொரல வச்சு எனக்கு என்ன தெரியும்? கண்ணால பாத்தாத்தானே எலும்பு தெரியும்?"

"அப்பாகிட்டச் சொல்லும்மா."

"சொல்லி? அந்த மனுசன் வேணாம்னுட்டா நான் போக முடியுமா? கேட்டாத்தான் வேணாம்பாரு."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவளே இன்னொரு முறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். களைக்கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தபடியே வீட்டுக்கு நடந்தாள்.

சில நாள் கழித்து, காலாண்டு விடுமுறையில் ஒரு காலை, கிழக்கு வெளுக்கும்போதே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. கொல்லைப்பக்கம் போனால் கொட்டகையில் அப்பாயி. செவலைக்கு முன்னால் ஒரு கட்டுப் பசும்புல். அது முடிந்ததும் தவிடு. தவிடு முடிந்ததும் புண்ணாக்குத் தண்ணி. செவலை நிறுத்தினால் அப்பாயி அதன் கழுத்தைத் தடவி, "இன்னும் கொஞ்சம், என் ராசாத்தில்ல" என்று கெஞ்சினாள். எனக்கு இட்லி ஊட்டும்போதும் இதே ராசாத்திதான். மாட்டின் மேல் இவ்வளவு பாசமா என்று கொஞ்சம் பொறாமையாக இருந்தது. போய்ப் படுத்துக்கொண்டேன்.

விடிந்ததும் தாத்தா வழக்கம்போல வைக்கோல் உதறிப் போட்டார். செவலை அதை மோந்து பார்த்துவிட்டு, பெரிய விருந்துக்குப் போய் வந்தவர்கள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டது. தண்ணீரையும் தொடவில்லை.

"ஐயையோ, மாடு தீனி எடுக்கலையே!" என்றாள் அப்பாயி. அவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

தாத்தா செவலையின் காதைத் தொட்டுப் பார்த்தார். மூக்கில் ஈரம் இருக்கிறதா என்று தடவினார். வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். பிறகு நிமிர்ந்து, மாட்டைப் பார்க்காமல் அப்பாயியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நம்மூரு டாக்டரக் கூப்புடவா?"

"அவரு என்னத்தப் பாப்பாரு? ஊசியப் போட்டுட்டுப் போயிடுவாரு. இது உள்ள இருக்குற நோவு மாதிரி தெரியுதுங்க. ஒரத்தநாட்டுல பெரிய ஆஸ்பத்திரி இருக்காம்ல, மிஷின் வச்சுப் பாப்பாங்களாம்."

ஒரத்தநாடு என்ற சொல் அந்த வீட்டில் விழுந்து பல மாதம் ஆகியிருந்தது. வெளித்திண்ணையைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாவின் துடைப்பச் சத்தம் நின்றது. தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஆமாமா. மாட்டுக்கு ஒடம்பு சரியில்லதான்" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

சின்ன சரக்கு வண்டிக்கு எங்கள் பக்கம் குட்டியானை என்று பெயர். ஊர்க்கார அண்ணன் ஒருவரிடம் அது இருந்தது. நடவு நேரம் என்பதால் அப்பாவால் வர முடியவில்லை; துணைக்கு என்னை அனுப்பினார்கள். பலகை சாய்த்து, நாலு பேர் பின்னால் தள்ளி, செவலையைக் குட்டியானையில் ஏற்றினோம். அப்பாயி முன்னால் உட்கார மாட்டேன் என்றாள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பின்னால் மாட்டோடு நின்றாள். நானும் அவளோடு ஏறிக்கொண்டேன். உட்கார ஒரு வைக்கோல் கட்டு இருந்தது. உட்கார்ந்தால் சுட்டது. கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே தூக்குச்சட்டி, அதில் விரால் மீன் குழம்பு. இன்னொரு பக்கம் துளாவினால் ஒரு டப்பா நிறைய அதிரசம்.

"அப்பாயி, செவலை மீன் கொழம்பு சாப்புடுமா?"

"அது டாக்டருக்குடி."

"டாக்டருக்கு எதுக்கு வைக்கோலுக்குள்ள?"

"சூடு ஆறாம இருக்கும்ல. நீ வேடிக்க பாத்துட்டு வா."

வெண்ணாற்றுப் பாலம் தாண்டி நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டோம். அந்த கேட்டில் மாட்டிக்கொள்ளாமல் அந்த ஊரைக் கடந்தவர் எவரும் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் மொபெட்டில் இரண்டு பக்கமும் கீரைக்கட்டுகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். விடியற்காலையில் தின்றது எல்லாம் அதற்குள் செவலைக்குச் செரித்துவிட்டது போலிருக்கிறது. தலையை வெளியே நீட்டி ஒரு அரைக்கீரைக் கட்டை உருவியது. அதை நிதானமாக முடித்துவிட்டு முளைக்கீரைக்குப் போனது.

நான் எம்பிக் குதித்தேன். "அப்பாயி, செவலை தின்னுது! சரியாயிடுச்சு! வா, வீட்டுக்குத் திரும்பிப் போயிடலாம்!"

"அடியே, சும்மா இருடி!" என்று என் வாயைப் பொத்தினாள். அதற்குள் கீரைக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது, மாட்டப் புடிங்க!"

"கோச்சுக்காதப்பா. சீக்கு மாடு. நாலு நாளா ஒண்ணும் தின்னல."

"சீக்கு மாடா? இதுவா?" என்றார் அவர். செவலை வாயில் முளைக்கீரை தொங்க அவரைக் கனிவாகப் பார்த்தது. அப்பாயி வைக்கோலுக்குள் கைவிட்டு அதிரசத்தை எடுத்து அவர் கையில் திணித்தாள். அவர் ஒன்றைக் கடித்துப் பார்த்தார். கேட் திறக்கும்போது சிரித்துக்கொண்டே, "மாடு நல்லாயிடும், கவலப்படாதீங்க" என்று சொல்லிப் போனார்.

நாலு நாள் என்று அப்பாயி சொன்னது என்னை உறுத்தியது. நான் அப்போது புதுநன்மைக்கு, முதல் தடவை நற்கருணை வாங்க, தயாராகிக்கொண்டிருந்தேன். ஞாயிறுதோறும் ஒரு சிஸ்டர் எங்களுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக் கொடுத்தார். பொய் எந்தக் கட்டளையில் வருகிறது என்பது எனக்கு மனப்பாடம். அதை அப்பாயிக்கு எடுத்துச் சொன்னேன். அவள் மாட்டின் முதுகில் கையை ஊன்றிக்கொண்டு, "மாதா பாத்துக்குவாங்க. அவங்களும் பிள்ள பெத்தவங்கதானே" என்றாள். இந்தப் பதில் சிஸ்டரின் பாடத்தில் இல்லை.

ஒரத்தநாட்டில் அந்த ஆஸ்பத்திரி வளாகம் எனக்குத் திருவிழாபோல இருந்தது. ஆடு, கன்று, நாய், கூடையில் கோழி என்று வரிசை. வெள்ளைக் கோட்டுப் போட்ட பையன்களும் பெண்களும் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக் கோட்டு ஒவ்வொன்றின் முகத்தையும் அப்பாயி எட்டி எட்டிப் பார்த்தாள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு டாக்டரம்மா வந்து, செவலைக்குக் காய்ச்சல் பார்த்தார், வயிற்றில் குழாய் வைத்துக் கேட்டார்.

"மாடு நல்லாத்தானே இருக்கு? என்னம்மா பண்ணுது?"

அப்பாயி வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த நோவு எதுவும் அப்போது வாயில் வரவில்லை. "எங்க பொண்ணு இங்கதான் படிக்குதுங்க" என்றாள்.

டாக்டரம்மா அப்பாயியைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். வைக்கோல் கட்டிலிருந்து வந்த மீன் குழம்பு வாசனையையும் பிடித்திருப்பார். மகள் பெயரைக் கேட்டுக்கொண்டு ஒரு பையனை உள்ளே அனுப்பினார்.

அத்தை ஓடி வந்தாள். வெள்ளைக் கோட்டுக்குள் பாதியாகியிருந்தாள். கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டாள். முதலில் செவலையைத்தான் அடையாளம் தெரிந்தது போல. "செவலைக்கு என்னம்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள் அப்பாயியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அத்தனை ஆடு மாடுகளுக்கு நடுவில் விசும்பி அழுதாள். அப்பாயி அழவில்லை. அவள் கை அத்தையின் முதுகெலும்பை மேலிருந்து கீழே தடவிக்கொண்டே போனது.

"எலும்புதான் இருக்கு. நான் நெனச்சேன்" என்றாள்.

டாக்டரம்மா கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, "சரி, வந்ததுக்கு மாட்டை ஒழுங்கா ஒரு தடவ பாத்துடு" என்று ஒரு நீளக் கையுறையை அத்தையிடம் நீட்டினார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைத் தோள் வரைக்கும் மாட்டினாள். அடுத்து அவள் செய்த காரியத்தைப் பார்த்து நான் அப்பாயியின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். நிமிர்ந்தபோது அத்தையின் முகம் முழுக்கச் சிரிப்பு.

"அம்மா, செவலை சினையா இருக்கும்மா! மூணு மாசம்!"

டாக்டரம்மாவும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். சினை பிடிக்கவில்லை என்று தாத்தா வருத்தப்பட்டுக்கொண்டிருந்த மாடு அது. அப்பாயி அத்தையின் கன்னத்தையும் செவலையின் கன்னத்தையும் மாற்றி மாற்றித் தடவினாள். பிறகு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தாள். அத்தை விடுதியிலிருந்து தட்டில் சோறு வாங்கி வந்தாள். நடுத்துண்டை எல்லாம் அத்தைக்கே போட்டாள் அப்பாயி. "போதும்மா" என்றபோதெல்லாம் இன்னும் ஒரு கரண்டி விழுந்தது. அத்தையின் தோழிகள் நாலு பேர் வாசனைக்கு வந்து சேர்ந்தார்கள். அதிரசம் போதவில்லை.

"அப்பா எப்படிம்மா இருக்காரு?" என்று அத்தை கேட்டாள்.

"இருமல்தான்" என்றாள் அப்பாயி.

திரும்பும் வழியில் எனக்கு ஓர் உத்தரவு வந்தது. அத்தையைப் பார்த்ததைத் தாத்தாவிடம் சொல்லக் கூடாது. நான் பத்துக் கட்டளைக்குப் போனேன்.

"கேட்டா பொய் சொல்லாத. கேக்காதத எதுக்குச் சொல்லணும்?" என்றாள் அப்பாயி. இதுவும் பாடத்தில் இல்லாததுதான், ஆனால் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை.

வீட்டில் தாத்தா வாசலிலேயே நின்றிருந்தார். அப்பாயி செவலையை இறக்கிக்கொண்டே, "நோவெல்லாம் ஒண்ணுமில்லைங்க. சினையாம். மசக்கைக்குத்தான் தீனி எடுக்கல போலருக்கு" என்றாள். தாத்தா செவலையின் திமிலைத் தட்டிக் கொடுத்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"யாரு பாத்துச் சொன்னா?"

"ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு."

"சின்ன வயசுன்னா?"

"ஒல்லியா இருக்கும்."

தாத்தாவின் கை திமிலிலேயே நின்றுவிட்டது. "ரொம்ப ஒல்லியா?"

"ரொம்பத்தான்."

"வேளாவேளைக்குச் சாப்புடுறாங்களா இல்லையாமா, அந்த டாக்டரம்மா?"

"இன்னைக்குச் சாப்பிட்டாங்க" என்றாள் அப்பாயி.

அந்த டாக்டரம்மாவின் பெயர் என்ன என்று தாத்தா கேட்டால் நான் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அவர் அதை மட்டும் கேட்கவேயில்லை. தாத்தாவுக்குச் சரியான கேள்வி கேட்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை. செவலை கொட்டகையில் நின்று வைக்கோலை அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தது. தாத்தா அதைச் சுற்றி வந்தார். தொண்டையைக் கனைத்தார்.

"மாட்டுக்கு ஒடம்பு சரியில்ல போலருக்கே" என்றார்.

"நல்லாத் தின்னுதே தாத்தா!" என்றேன் நான்.

"மாட்டப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?"

அம்மா அவசரமாக அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். அப்பாயி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாளோ என்று போய்ப் பார்த்தால் சிரிக்கிறாள்.

இந்த முறை தாத்தாவும் வந்தார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வழிநெடுக, "மெதுவாப் போப்பா, சினை மாடு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றதும், "எனக்குக் கால் மரத்துப் போச்சு, நீங்க போய்க் காட்டிட்டு வாங்க" என்று இறங்காமல் உட்கார்ந்துவிட்டார். பின்னால் மாட்டோடு நின்ற அப்பாயியும் இறங்கவில்லை. நான்தான் ஓடிப் போய் அத்தையைக் கூட்டி வந்தேன்.

அத்தை வேகமாக வந்தவள், முன் இருக்கையில் இருந்தவரைக் கண்டதும் நின்றாள். தாத்தா கதவைத் திறந்து மெல்ல இறங்கினார். துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், திரும்பப் போட்டுக்கொண்டார். அத்தை அவரைத் தாண்டி வண்டியின் பின்பக்கம் போய், செவலையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு திரும்பினாள். மூக்கு நுனி சிவந்திருந்தது.

"அஞ்சு மாசச் சினை மாட்டை இந்த ரோட்டுல ஏத்திட்டு வரலாமாப்பா? மாடு நல்லா இருக்கு, ஒரு கொறையும் இல்ல. குலுங்கி எதாவது ஆனா என்ன பண்ணுவீங்க? கொஞ்சமாவது யோசிக்க வேணாமா?"

தாத்தாவை அந்த மாதிரி யாரும் திட்டி நான் பார்த்ததில்லை. இப்போது கோபம் வரும் என்று அப்பாயியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் செவலையின் கழுத்தில் முகத்தைச் சாய்த்து, ஒன்றும் தெரியாதவள்போல நின்றாள். தாத்தா பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

"வேற எப்படிம்மா நான் வர்றது?" என்றார்.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இத்தனை வயதாகியும் இது தெரியவில்லையே என்று, "பஸ்ஸுல வந்திருக்கலாம் தாத்தா. மன்னார்குடிலேர்ந்து நெறைய பஸ் இருக்கு" என்றேன்.